கள்ளீரல்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

கடுகு எழுதுவது. நான் நலம். உங்கள் மாப்பிள்ளையும் மருமகளும் நலம். உங்கள் நலமறிய ஆவல். இந்த முறை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே ஆவல்.

உங்கள் அறையில் உங்களோடு தங்கியிருக்கும் அச்சு மெஷின்காரர் போன் செய்தார். அச்சகத்து மாடிப்படியில் ரத்த வாந்தி எடுத்து விழுந்தீர்களாம். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்தார்களாம். "தங்கச்சிகிட்ட சொன்னா மூஞ்சிலயே முழிக்க மாட்டேங்கிறாரும்மா, நான் சொன்னதா காட்டிக்காதீங்க" என்றார். காட்டிக்கொடுத்துவிட்டேன். அவரைத் திட்டாதீர்கள், பாவம்.

உங்கள் கள்ளீரல் முக்கால்வாசி போய்விட்டது, குடிதான் காரணம், இனி இன்னொருவர் கள்ளீரலில் ஒரு துண்டை எடுத்து வைத்தால்தான் உண்டு என்று டாக்டர் சொன்னாராமே. அந்த இன்னொருவரை ஊரெல்லாம் தேட வேண்டாம். நான் இருக்கிறேன். எங்கள் தையல் யூனிட்டுக்கு வரும் நர்ஸிடம் கேட்டுவிட்டேன். வெட்டிக் கொடுத்தாலும் திரும்ப வளர்ந்துவிடுமாம். ரத்த சொந்தமாக இருக்க வேண்டும், குடிப்பழக்கம் கூடாது, அவ்வளவுதானாம். அந்த இரண்டு தகுதியும் எனக்கு இருக்கிறது.

இங்கே பள்ளிச் சீருடை தைக்கிற நேரம். நாள் முழுக்கக் காலர், காலர், காலர். தலை நிமிர நேரமில்லை. இருந்தும் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் போனை எடுப்பதில்லை. உடனே பதில் போடுங்கள்.

அன்புத் தங்கை,
கடுகு

*

பிப்ரவரி 14

அன்புள்ள கடுகுக்கு,

நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் நீ அடுத்த வண்டியைப் பிடிப்பாய். ஆகையால் இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். மாப்பிள்ளையையும் மருமகளையும் கேட்டதாகச் சொல்.

முதலில் பிழைத்திருத்தம். கள்ளீரல் இல்லை, கல்லீரல். இரண்டுக்கும் சின்ன ல. கள் சேர்ந்த ஈரல் என்றால் அது என்னுடையது மட்டும்தான், அந்த வகையில் நீ எழுதியது சரி. இருந்தாலும் இருபத்தாறு வருடமாகப் புரூஃப் பார்க்கிறவனின் தங்கை இப்படி எழுதினால் அச்சகத்தில் என் மானம் போகும்.

எங்கள் அச்சகம் இப்போது மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற சீட்டுதான் அதிகம் அச்சடிக்கிறது. எறும்பு சைஸ் எழுத்து. "இம்மருந்து கல்லீரலைப் பாதிக்கலாம். மது அருந்துவோர் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ளவும்." இந்த வரியை எத்தனை ஆயிரம் தடவை படித்திருப்பேனோ. எழுத்துப் பிழை பார்த்தேன், புள்ளி விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்தேன். என்ன சொல்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. சாயங்காலம் பேனாவை மூடிவிட்டு நேராகக் கடைக்குப் போவேன்.

டாக்டர் சொன்னது இதுதான். மெத்தென்று இருக்க வேண்டிய ஈரல் தழும்பு மேல் தழும்பு விழுந்து இறுகிவிட்டது. ரத்தம் உள்ளே போக வழியில்லாமல் வேறு பக்கம் முட்டி, தொண்டைக்குக் கீழே ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது. வயிற்றில் நீர் சேரும், உப்பு கூடாது. ரத்தத்தில் அழுக்கை வடிகட்ட ஆளில்லாததால் அது தலைக்கு ஏறும், புத்தி தடுமாறும். "கையெழுத்து கோணினா, எழுத்துல தப்பு வந்தா, உடனே கூட்டிட்டு வாங்க" என்று மெஷின்காரரிடம் சொன்னார். என் வேலைக்கே வேட்டு.

துண்டு வேண்டாம். பெற்ற மகளுக்குக் கல்யாணம் பண்ண வேண்டிய வயதில் வயிற்றைக் கிழித்துக்கொள்ளக் கிளம்பியிருக்கிறாய். உனக்குக் கொழுப்பு. சின்ன வயதிலிருந்தே கொழுப்பு. ஊசி விரலில் ஏறி நகம் பிளந்த அன்றும் "நான் நலம்" என்று எழுதினவள்தானே நீ.

அண்ணன்

*

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். உங்கள் நலமறிய ஆவல்.

கொழுப்புதான். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். காலர் நைந்துபோனால் சட்டையைத் தூக்கியா போடுகிறோம்? பிரித்துத் திருப்பித் தைக்கிறோம். அதைத்தான் நானும் சொல்கிறேன். உங்கள் மாப்பிள்ளை முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அவரே, "உன் அண்ணன், உன் ஈரல். நடுவுல நான் யாரு" என்றார். அது சம்மதம் இல்லாமல் வேறென்ன?

எனக்கு அம்மா நினைவாகவே இருக்கிறது. வயிறு வீங்கி, கண் மஞ்சளித்து, கடைசியில் என்னையே யாரென்று கேட்டாள். அப்பா வாழ்நாள் பூராவும் குடித்துவிட்டு எழுபது தாண்டி நடமாடினார். அம்மாவைத்தான் பக்கத்து வீட்டுக்காரி, "ஒளிச்சு வச்சுக் குடிச்சிருப்பா, இல்லாட்டி இந்த வயிறு ஏன் வருது" என்றாள். அன்றைக்கு நீங்கள் அவள் வீட்டுக் கதவை உதைத்தீர்கள். இன்னொரு தடவை அப்படி ஒரு சாவைப் பார்க்க என்னால் முடியாது அண்ணா. பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். பிழையோடு எழுதினாலும் பரவாயில்லை.

கடுகு

*

மார்ச் 20

அன்புள்ள கடுகுக்கு,

இருக்கிறேன். உங்கள் எல்லோர் நலமும் அறிய ஆவல்.

சரி.

அந்த ஒரு வார்த்தையை எழுத இத்தனை நாள் ஆனது. ஆறு மாதம் ஒரு சொட்டு தொடாமல் இருந்தால்தான் ஆபரேஷன் மேசையில் படுக்க வைப்பார்களாம். குடித்துவிட்டுப் போய் நின்றால் மூச்சிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். நிறுத்திவிட்டேன். முதல் வாரம் கை ஆடிய ஆட்டத்தில் மெஷின்காரர்தான் டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தார். கடை இருக்கிற தெருவை விட்டு, தகரப் பட்டறைப் பக்கமாகச் சுற்றி வருகிறேன். பட்டறைக்காரன், "என்ன சார், வீடு மாத்திட்டீங்களா" என்று கேட்கிறான். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். வாழ வேண்டும் என்கிற ஆசையெல்லாம் எனக்கு விட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது. நீ எழுதிய பிறகு லேசாக வந்திருக்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது. நீ போய்ப் பரிசோதனை பண்ணிக்கொள்.

அண்ணன்

*

மே 5

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் நலமறிய ஆவல்.

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்க வேண்டாம். பரிசோதனை என்றால் ஒரு ஊசியோடு முடியும் என்று நினைத்தேன். ரத்தம், ஸ்கேன், மறுபடி ரத்தம், வேறு ஒரு ஸ்கேன். ஒரு பெரிய குழாய்க்குள் படுக்க வைத்து மூச்சை இழு, பிடி, விடு என்கிறார்கள். இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததா? எப்போது பார்த்தாலும் தாகம் தாகம் என்று செம்பைக் கையிலேயே வைத்திருப்பாளே. எனக்குச் சரியாக நினைவில்லை, நீங்கள்தான் பெரியவர். டாக்டர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார், அதனால் கேட்கிறேன். வேறு ஒன்றுமில்லை.

உப்பைத் தொடாதீர்கள். தகரப் பட்டறைப் பக்கமாகவே வாருங்கள்.

கடுகு

*

மே 16

அன்புள்ள கடுகுக்கு,

இருக்கிறேன், கொஞ்சம் நன்றாகவே இருக்கிறேன். அங்கே எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அம்மாவுக்குச் சர்க்கரை பார்த்ததே இல்லை. அந்தக் காலத்தில் யார் பார்த்தார்கள்? தாகம் உண்டு. கால் புண் ஆறாது. அவ்வளவுதான் தெரியும். டாக்டர்கள் எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள், நீ பயந்துவிடாதே.

முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடுகிறது என்று முதலாளியே சொன்னார். "புரூஃப் சார் இப்பல்லாம் காலையிலயே கண்ணைத் திறந்து பார்க்கிறாரு" என்று பைண்டிங்கில் ஒரே கேலி. ஆபரேஷனுக்குப் பிறகு போட ஒரு சட்டை வாங்கி வைத்திருக்கிறேன். காலர் சரியாக உட்காரவில்லை. நீ வந்து பார்த்தால் திட்டுவாய். உன் துண்டு என் உடம்புக்குள் வந்தால் எனக்கும் வாய் நீளுமோ என்று மெஷின்காரர் கவலைப்படுகிறார்.

முடிவு வந்ததும் எழுது. தினமும் தபால்காரர் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

அண்ணன்

*

ஜூன் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் நலமறிய ஆவல்.

ரத்தம் சேரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். உங்களுக்கும் எனக்கும் வேறு வேறு வகையாம். என்னால் கொடுக்க முடியாது. எத்தனையோ கேட்டுப் பார்த்தேன்.

உங்கள் ஆஸ்பத்திரியில் இறந்தவர்களிடமிருந்து எடுத்து வைக்கிறார்களாம், அதற்குப் பெயர் பதிந்து வையுங்கள். மெஷின்காரரைக் கூட்டிக்கொண்டு போங்கள். குடிக்காமல் இருங்கள், அது முக்கியம். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா.

கடுகு

*

ஜூலை 2

தங்கைக்கு,

மருமகள் பிறந்தபோது உனக்கு ஏற்றிய இரண்டு பாட்டில் ரத்தமும் என்னுடையது. நீ மயக்கத்தில் கிடந்தாய், உனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வகை என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்கள். அன்றைக்குச் சேர்ந்த ரத்தம் இன்றைக்கு ஏன் சேரவில்லை?

மனம் மாறிவிட்டது என்று எழுதியிருந்தால் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன். மாப்பிள்ளை தடுத்தார் என்று எழுதியிருக்கலாம். குடிகாரனுக்குக் கொடுத்து வீணாக்குவானேன் என்று தோன்றியிருந்தால் அதையும் நேராகவே எழுதியிருக்கலாம். அது நியாயம்தான். நான் கேட்கவில்லை, நீதான் ஆசை காட்டினாய்.

தகரப் பட்டறைப் பக்கம் ரொம்பச் சுற்று. இனி நேர் தெருவிலேயே வரப் போகிறேன். நீ எழுத வேண்டாம்.

*

ஆகஸ்ட் 9

தங்கச்சி அவர்களுக்கு,

மெஷின்காரன் எழுதுவது. வணக்கம். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே சுகமில்லை.

அண்ணன் மறுபடி குடிக்க ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. நான் பாட்டிலை ஒளித்து வைத்துப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், காலில் விழுந்தும் பார்த்தேன். வயிறு பானை மாதிரி ஆகி, இரண்டு தடவை ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். பகலில் தூங்குகிறார். திடீரென்று எழுந்து என்னை அப்பா என்று கூப்பிடுகிறார்.

போன வாரம் ஒரு மருந்துச் சீட்டு அவர் பார்த்து, கையெழுத்துப் போட்டு, மெஷினுக்கு வந்தது. நானும் ஓட்டிவிட்டேன். கட்டுக் கட்டாகப் போன பிறகுதான் கம்பெனிக்காரன் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினான். எல்லாச் சீட்டிலும் கள்ளீரல் என்று இருந்தது. முதலாளி அண்ணனைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். வார்டில் இருக்கிறார்.

உங்கள் கடிதங்களையெல்லாம் கொண்டு வரச் சொல்லி, சிவப்புப் பேனாவோடு மூன்று நாளாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "எந்த இடத்துல பொய் ஆரம்பிக்குதுன்னு பார்க்கிறேன்" என்கிறார். நேற்று கண்டுபிடித்துவிட்டேன் என்றார். அவர் எழுதியதை உங்கள் கடிதங்களோடு வைத்து அனுப்பியிருக்கிறேன். எழுத்து சரியாக இருக்காது. டாக்டர் சொன்ன மாதிரியே ஆகிவிட்டது.

மெஷின்காரன்

*

(இதனுடன்)

கடுகு,

மே மாதக் கடிதத்திள் ஒரு சொள் விட்டுப்போயிறுக்கு. ஜூண் கடிதத்திளும் இள்லை. குறி போட்டிறுக்கேன் பாறு. நலமறிய ஆவளுக்கு முன்னாள்.

நான் நலம் எங்கே.

மறந்தியா. எழுத முடியளையா.

*

ஆகஸ்ட் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலமில்லை. உங்கள் நலமறிய ஆவல்.

நீங்கள் போட்ட சிவப்புக் குறியைப் பார்த்தேன். மறக்கவில்லை. எழுத முடியவில்லை. ரத்தத்தைப் பற்றி எப்படியோ பொய் சொல்லிவிட்டேன், அந்த ஒரு வார்த்தையை மட்டும் உங்களிடம் பொய்யாக எழுதக் கை வரவில்லை. புரூஃப் பார்க்கிறவர் உடனே பிடித்துவிடுவார் என்று நினைத்தேன். நீங்கள் பிடிக்கவில்லை. சந்தோஷத்தில் இருந்தீர்கள்.

என்னுடைய கல்லீரலும் போய்விட்டது அண்ணா. இந்த முறை சரியான ல போட்டிருக்கிறேன். இது கள் தொட்ட ஈரல் இல்லை. நீங்கள் சொன்னதுதான், எனக்குக் கொழுப்பு. டாக்டரும் அதையேதான் சொன்னார், நான் சிரித்துவிட்டேன், அவருக்கு ஏன் என்று புரியவில்லை. "ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் ஈரல்ல கொழுப்பு படியும்மா. சர்க்கரையைக் கவனிக்காம விட்டிருக்கீங்க. பல வருஷமா படிஞ்சு இறுகிப்போச்சு" என்றார். உங்களுடையதைப் போலவே தழும்பாம். ஸ்கேனில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது குடித்தது எது குடிக்காதது என்று கண்டுபிடிப்பது கஷ்டமாம். என்னுடையதில் கூடவே ஒரு கட்டியும் இருக்கிறது. பெரிதாகிவிட்டது, வெட்ட முடியாது என்கிறார்கள். உங்களுக்குக் கொடுக்கலாம் என்று போகாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அம்மாவுக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்றார். அம்மா குடிக்கவில்லை. நீங்கள் கதவை உதைத்தது சரிதான்.

நான் உண்மையைச் சொன்னால், யாருக்காக இருக்க வேண்டும் என்று மறுபடி குடித்துவிடுவீர்கள் என்று பயந்தேன். அதனால்தான் மறைத்தேன். மறைத்ததால் குடித்தீர்கள். எந்தப் பக்கம் திருப்பித் தைத்தாலும் காலர் கிழிந்துதான் போயிருக்கிறது. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் மேல் இருக்கிறது. ரத்தம் கொடுத்ததை நீங்கள் அப்போதே சொல்லியிருக்கலாம், வேறு நல்ல பொய்யாகப் பார்த்துச் சொல்லியிருப்பேன்.

யூனிட்டுக்குப் போகவில்லை. கால் வீங்கியிருக்கிறது, பெடல் மிதிக்க முடியவில்லை. வண்டி ஏறக் கூடாது என்கிறார்கள். அதனால்தான் வரவில்லை, வேறு காரணம் இல்லை. நம்புங்கள்.

உங்கள் கடுகு

*

ஆகஸ்ட் 27

தங்கச்சி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினேன். அன்றைக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்தார். கண் மட்டும் ரொம்ப மஞ்சள். கையில் வாங்கிப் பார்த்தார், எழுத்து ஓடுகிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நானே வாசித்தேன்.

நலமில்லை என்று நீங்கள் எழுதியதைக் கேட்டதும், "ம், இப்ப இருக்கு" என்றார். கொழுப்பு என்கிற இடம் வந்தபோது சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. அம்மா குடிக்கவில்லை என்பதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். முடித்த பிறகு கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, நான் துடைத்துவிட்டேன். அப்புறம், "கல்லீரலுக்கு எந்த ல போட்டிருக்கா?" என்று கேட்டார்.

"சரியான ல தான் சார்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"அப்ப பிழை இல்ல" என்றார். அச்சுக்குப் போகிற தாளில் அவர் கடைசியாக எழுதுகிறது அதுதான், உங்களுக்குத் தெரியும். பேனா கேட்டார். கொடுத்தேன். பிடிக்க முடியவில்லை. மறுநாளிலிருந்து யாரையும் தெரியவில்லை. திங்கட்கிழமை போய்விட்டார். மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன், நீங்களும் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன், எப்போது முடிகிறதோ அப்போது படியுங்கள்.

ஆபரேஷனுக்கு வாங்கின சட்டையைப் போட்டுத்தான் அனுப்பினோம். காலர் கோணலாகத்தான் இருந்தது. என்னால் முடிந்த வரை இழுத்துவிட்டேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை நான் கிளம்பும்போது, "அடுத்த லெட்டர் வந்தா அந்த வார்த்தை இருக்கான்னு நீ பாரு, நான் பார்க்க மாட்டேன்" என்றார். எனக்குப் புரூஃப் பார்க்கத் தெரியாது. அந்த ஒரு வார்த்தையைப் பார்க்கத் தெரியும். எப்படி இருக்கிறீர்களோ அப்படியே எழுதுங்கள்.

மெஷின்காரன்